எடை குறைந்து சீனியும் இறங்கிவிட்டது, இனி ரொட்டி, சோறு சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் படிப்படியாக. மாச்சத்து என்பது சோறு, கோதுமை மா ரொட்டி, கிழங்கு, பாண் எல்லாவற்றிலும் இருப்பது. வயிற்றுக்குள் போனதும் சீனியாக உடைந்து இரத்தத்தில் கலக்கும்.

இரண்டாம் வகை நீரிழிவில் ஈரலிலும் கணையத்திலும் கொழுப்பு சேர்ந்திருக்கும். அதனால் இன்சுலின் போதிய அளவு சுரக்காது, சுரந்ததும் சரியாக வேலை செய்யாது. எடை நன்றாகக் குறைந்தால் அந்தக் கொழுப்பு கரையும். பலருக்கு, முக்கியமாக நோய் வந்து சில வருடங்களே ஆனவர்களுக்கு, கணையம் ஓரளவு மீள்கிறது. ஆனாலும் எல்லோருக்கும் பழைய பலம் முழுதாக வரும் என்று சொல்ல முடியாது. பழுது பார்த்த தேயிலைத் தொழிற்சாலைக்கு முதல் நாளே லொறி லொறியாகக் கொழுந்து இறக்கினால் முற்றத்தில்தானே குவியும்? சீனியும் அப்படித்தான் இரத்தத்தில் தேங்கும்.

மலையகத்தில் சிக்கலே காலை ரொட்டிதான். மூன்று ரொட்டியும் கட்டச் சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணியும் என்றால் தட்டு முழுக்க மாச்சத்து. ஒரு சின்ன ரொட்டியோடு பருப்பு, முட்டை, கீரை என்று தொடங்குங்கள். சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து இரத்தச் சீனியைப் பாருங்கள். 180 mg/dLக்குக் கீழே நின்றால் அதே அளவில் சில நாள் போகட்டும், அப்புறம் கொஞ்சம் கூட்டலாம். எடை ஏறினால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுத்தான் சாப்பாட்டின் அளவை மாற்ற வேண்டும்.

குரக்கன் (கேழ்வரகு) ரொட்டி என்றால் எத்தனையும் சாப்பிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நார்ச்சத்து கூடுதல்தான், மாச்சத்து கிட்டத்தட்ட கோதுமை அளவே.