கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் விடலாமா?

வணக்கம் அண்ணா,

மே 18 அன்று எங்கள் கல்லூரியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கப்போகிறோம். தேங்காய்ப்பால் சேர்க்கலாமா, கூடாதா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. இன்னொன்றும் கேட்க வேண்டும். 2009-இல் முடிந்த ஈழப் போரின் அந்தக் கடைசி மாதங்களில் ஐ.நா., செஞ்சிலுவை எல்லாம் என்னதான் செய்துகொண்டிருந்தன? சாப்பாடு அனுப்ப ஒருவர்கூட இல்லையா?

ர., கோவை

அன்புள்ள ர.,

கடைசி வாரங்களில் அரிசி, தண்ணீர், உப்பு. அதற்கு முதல் தேங்காய் கிடைத்தவர்கள் பாலும் விட்டார்கள். சண்டையை முடியுங்கள். முந்திரி வறுத்துப் போட்டால் மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள்.

“எல்லாம்” என்று ஒரே சாக்கில் கட்டாதீர்கள், தம்பி. 2008 செப்டெம்பரில் இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா.வின் வெளிநாட்டு அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டுப் போனார்கள். சனம் வாசலில் நின்று போகவேண்டாம் என்று கெஞ்சியது. செஞ்சிலுவைக்காரர் நின்றார்கள். 2009 பெப்ரவரியிலிருந்து மே 9 வரை ‘கிரீன் ஓஷன்’ கப்பலில் காயக்காரரை ஏற்றினார்கள். தங்கள் ஊழியர் மூன்று பேரைப் பறிகொடுத்தார்கள்.

சாப்பாடும் வந்தது. எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்டீர்களா? கஞ்சியில் என்ன விடுவது என்று ஒரு வகுப்பே கூடி யோசிக்கிறீர்கள், இதை ஒருவராவது கேட்கவில்லை!

நிவாரணம் தலைக்கணக்கில்தான் வரும். 2009 தொடக்கத்தில் முல்லைத்தீவில் சண்டைக்குள் நின்ற அரசாங்க அதிகாரி கொடுத்த கணக்கு 81,000 குடும்பம், 3,30,000 பேர். கொழும்பு, அதாவது அரசு, சொன்ன கணக்கு 70,000. சண்டை முடிந்து உயிரோடு முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்களே 2,80,000-க்கு மேல். 70,000-ஆல் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் பால்மாவை நாலு பிள்ளை குடிக்க வேண்டும். கப்பல் வரவில்லை, பாதை இல்லை என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவையும் உண்மைதான். ஆனால் கப்பல் வந்த நாளிலும் பசி இருந்ததே, அது இந்தக் கணக்கால்.

(வெளியேற விடாமல் மறித்த, ஓடியவர்களைச் சுட்ட புலிகளைப் பற்றியும் எழுதுவேன். இன்றைக்கு இல்லை.)

ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மா வரிசையில் ஷெல் விழுந்தது. செத்த தாய்மார் சிலர் பால்மா அட்டையைக் கையில் பிடித்தபடியே கிடந்தார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை சொல்கிறது. அட்டை என்றதும் எனக்கு வேறொரு அட்டைதான் ஞாபகம் வரும்.

அப்போது எனக்கு 19 வயது. எங்கள் விதானையாருக்கு, அதாவது கிராம அலுவலருக்கு, நிவாரணப் பதிவு எழுதிக் கொடுத்தேன். தறப்பாள் கூடாரம் கூடாரமாகப் போய்த் தலை எண்ணுவது. “கணக்குச் சுத்தமா இருந்தாத்தான் கொழும்பு நம்பும்” என்பார் அவர். நானும் நம்பினேன்.

சுதந்திரபுரத்தில் ஒரு அம்மா. நிவாரண அட்டையில் ஐந்து பேர். இரண்டாவது மகன் செத்து மூன்று நாள். “அவன்ர பேரை வெட்டாதை தம்பி, மற்றதுகளுக்கு ஒரு சுண்டு அரிசி கூடக் கிடைக்கும்” என்றா.

“கள்ளக் கணக்கு எழுத ஏலாது அம்மா” என்று சொல்லி, அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். அவ பேசவில்லை. அட்டையை வாங்கி, மை காயட்டும் என்று ஊதினா.