ஊறிப்போன அலமாரிக்கு உப்புத்தாள் வேண்டாம்!

கேள்வி: எங்கள் பார்ட்டிகிள் போர்டு அலமாரியின் பக்கப் பலகை, வீடு துடைக்கும் தண்ணீர் பட்டு அடியில் உப்பிவிட்டது, ஓரப்பட்டையும் கழன்றுவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கூடவே கூடாது. நீங்கள் பார்க்கும் மர ரேகை, மெலமைன் பிசினில் ஊறிய அச்சுக் காகிதம். நாலு தேய்ப்பில் அது போய்விடும். உள்ளே இருப்பது பசையில் அழுத்திய மரத்துகள்தான். 'இன்ஜினியர்டு வுட்' என்று கடையில் எவ்வளவு கம்பீரமாகச் சொன்னாலும், தண்ணீர் புகுந்தால் அழுத்தி வைத்த துகள் விரிந்துகொள்ளும். காய்ந்தாலும் முழுதாகப் பழைய தடிமனுக்கு வராது.

அலமாரியைக் காலி செய்து படுக்க வைத்து, மின்விசிறிக் காற்றில் மூன்று நான்கு நாள் உலர்த்துங்கள். ஈரம் இருக்கும்போதே ஒட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. பசை பிடிக்காது, உள்ளே பூஞ்சை பூக்கும்.

உதிரும் துகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிளவுகளுக்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் மரப்பசையைச் செலுத்துங்கள். இருபுறமும் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கட்டைத்துண்டு வைத்து கிளாம்ப்பால் இறுக்கி 24 மணி நேரம் விடுங்கள். தாள் இல்லாவிட்டால் கட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மீதிப் பள்ளத்தை எபாக்ஸி புட்டியால் அடைத்து, இறுகியபின் அந்த இடத்தை மட்டும் 180, பிறகு 320 எண் உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். சுற்றிலும் மாஸ்கிங் டேப் இருக்கட்டும்.

18 மி.மீ. பலகைக்கு 22 மி.மீ. அகல பி.வி.சி. எட்ஜ் பேண்ட் (ஓரப்பட்டை) வாங்குங்கள். ரப்பர் பசையைப் பட்டை, பலகை இரண்டிலும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டால் குமிழி விட்டு உரியும். தொட்டதும் பிடித்துக்கொள்ளும் என்பதால் முதலிலேயே நேராக வையுங்கள். பிசிறை பிளேடால் சீவி, அலமாரிக்கு அடியில் பிளாஸ்டிக் புஷ் (கால்போல் தாங்கும் குமிழ்) வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள்.

கீல் திருகு இருக்கும் இடமே ஊறியிருந்தால் இந்தப் பாடெல்லாம் வீண், திருகு பிடிக்காது. அந்தப் பலகையை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டி.வி. ஸ்டாண்டில் வெள்ளைக் கீறல். ஷூ பாலிஷ் தடவலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: துடைக்கிற துணியோடு போய்விடும். மரச்சாமான் மெழுகுக் குச்சியில் வெளிர், அடர் என இரண்டு நிறம் வாங்குங்கள். வெளிர் நிறத்தைக் கீறலில் அழுத்தி நிரப்பி, பழைய ஏ.டி.எம். அட்டையால் வழியுங்கள். அடர் நிறத்தால் ரேகையைத் தொடர்ந்து இழுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அடுப்புப் பக்கத்து அலமாரிக்கு மட்டும் இது ஆகாது, மெழுகு இளகிவிடும்.