ஜாமீன் கேள்வி பதில்: 61-ஆம் நாளை எண்ணுங்கள்

சட்டப் பிரிவுகள், முதல் ரிமாண்ட் தேதி, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்ற மூன்றும் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கே: தம்பி நிரபராதி சார். அதை மனுவில் விரிவாக எழுதினால் ஜாமீன் கிடைக்குமா?

ப: அதற்கு இரண்டு வரி போதும். குற்றம் செய்தாரா என்பது பின்னால் சாட்சி விசாரணையில் முடிவாகும். இப்போது நீதிபதி பார்ப்பது வேறு: ஆள் ஓடிவிடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா, ஆதாரத்தை அழிப்பாரா, வெளியே வந்து திரும்பவும் அதையே செய்வாரா? நிரந்தர முகவரி, வேலை, குடும்பம், பொருட்கள் கைப்பற்றப்பட்டாயிற்று, முக்கிய சாட்சிகளின் வாக்குமூலம் பதிவாகிவிட்டது, இதே நிலையிலுள்ள, இதே வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட இன்னொருவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது: இவற்றை எழுதுங்கள். பழைய வழக்கையும் முன்பு தள்ளுபடியான மனுவையும் மறைக்காதீர்கள். அரசு வழக்கறிஞர் அதை எடுத்து நீட்டும்போது மற்ற எல்லாம் அடிபட்டுப் போகும்.

கே: 20,000 ரூபாய்க்கு ஜாமீன் என்றார்கள். பணம் கட்ட வேண்டுமா?

ப: வேண்டாம். அது பிணைமுறித் தொகை. ஆள் ஆஜராகாமல் போனால்தான் வசூல். ரொக்கமாக டெபாசிட் செய்யச் சொல்லி உத்தரவிலேயே இருந்தால் மட்டும் கட்ட வேண்டும். உத்தரவு நகலைப் படியுங்கள்.

கே: 58 நாளாகச் சிறையில் இருக்கிறார். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள பிரிவு. குற்றப்பத்திரிகை வரவில்லை.

ப: இன்றே மனுவைத் தயார் செய்யுங்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187(3)-இன்படி உங்களுக்கு 60 நாள். மரண தண்டனை, ஆயுள் போன்ற கடும் தண்டனைக் குற்றங்களுக்கு 90. அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். தகுதியை எடைபோடும் பேச்சே இல்லை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். நீங்கள் கேட்கும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போயிற்று. நீங்கள் முந்திக்கொண்டால், அடுத்த மணி நேரத்தில் அவர்கள் தாக்கல் செய்தாலும் உரிமை நிற்கும் (எம். ரவீந்திரன் வழக்கு, 2020). ஆகவே மனு பெறப்பட்ட நேரத்தைப் பதிவு செய்து வாங்குங்கள்.

கே: குறுக்கிடுகிறேன். கைதான நாளிலிருந்துதானே எண்ண வேண்டும்?

ப: இல்லை. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து.

கே: அப்படியானால் அந்த முதல் நாளை விட்டுவிட வேண்டும். பொது உட்பிரிவுகள் சட்டம் 9-ஆம் பிரிவு அதைத்தானே சொல்கிறது?

ப: நல்ல வாதம்தான், அமலாக்கத் துறையும் கபில் வாதவான் வழக்கில் இதையே சொன்னது. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023-இல் அதை ஏற்கவில்லை. ரிமாண்ட் நாளும் கணக்கில் சேரும். ஜூன் 1 ரிமாண்ட் என்றால் ஜூனில் 30 நாள், ஜூலை 30-உடன் 60. ஜூலை 31 காலையில் நீதிமன்றம் திறக்கும்போது மனுவோடு நில்லுங்கள்.

கே: கொரோனா ஊரடங்கில் எல்லாக் கெடுவையும் நீட்டித்தார்களே?

ப: போலீசுக்கு அது பொருந்தாது. மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கில் (காசி, 2020) உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இந்த விவாதம் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: கஞ்சா 22 கிலோ. 60 நாள் முடிந்துவிட்டது.

ப: 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. கெடு 180 நாள். அதற்கு முன் ஜாமீன் கேட்டால் போதைப்பொருள் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்ற வேண்டும்.

கே: குண்டாஸில் ஜாமீன்?

ப: கிடையாது, அது தடுப்புக் காவல். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

கே: ஜாமீன் தொகையை எந்த கவுண்டரில் கட்டுவது?

ப: மேலே படியுங்கள்.

கே: ஜாமீன் கிடைத்து பத்து நாள் ஆகிறது. ஜாமீன்தாரர் இருவர் கிடைக்காமல் உள்ளேயே இருக்கிறார்.

ப: உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி உத்தரவுப்படி, 7 நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்களே அங்கே போய் மனு கொடுங்கள். நிபந்தனையைத் தளர்த்தக் கோரி நீதிமன்றத்திலும் தனி மனு போடலாம். வெளி மாவட்டத்து ஜாமீன்தாரர் என்பதற்காக மறுத்தால் மோத்தி ராம் தீர்ப்பை (1978) காட்டுங்கள். கூலிக்கு ஜாமீன் நிற்கிறோம் என்று வாசலில் வருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். ஆவணம் போலி என்றால் புது வழக்கு உங்கள் மேல் வரும்.

கே: சார், 20,000 கட்ட ஏற்பாடு செய்துவிட்டேன்...

ப: கட்டாதீர்கள். உத்தரவு நகலை வாங்கிப் படியுங்கள்.