மொட்டைமாடிச் சுரைக்காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க லைசென்ஸ் வேண்டுமா?

மேடவாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மொட்டைமாடியில் முப்பத்தைந்து பைகளில் கத்தரி, வெண்டை, கீரை வைத்திருக்கிறார், ஒரு மூலையில் சுரைக்கொடி. வீட்டுக்குப் போக மிஞ்சுவதைத் தெருவில் நாலைந்து வீடுகளுக்குக் கொடுக்கிறார். அவர்கள் பதிலுக்கு முருங்கைக்காய், தேங்காய், கறிவேப்பிலை என்று கொடுத்தனுப்புகிறார்கள். காசு கைமாறுவதில்லை. இதைக் கேள்விப்பட்டு ஒருவர் வந்து, “உணவுப் பொருள் கைமாறினாலே லைசென்ஸ் வேண்டும், ஜிஎஸ்டியும் வரும், பிடித்தால் அபராதம், 3,500 ரூபாய் கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்” என்று சொல்லி ஆதார் நகலையும் 1,000 ரூபாய் முன்பணத்தையும் வாங்கிப் போய்விட்டாராம். உண்மையிலேயே லைசென்ஸ் தேவையா, கீழ்வீட்டுக்காரர் கேட்கும் சுரை விதையைக் கொடுக்கலாமா, இரண்டும்தான் அவருடைய கேள்வி.

சகோதரி, தேவையில்லை. மீதி 2,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

தோட்டக்கலைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரி ஆட்கள் எப்போதும் சட்டத்தின் பெயரைப் பாதி சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு வணிகத்துக்கானது. விவசாயி தன் நிலத்தில் விளைவித்ததை அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. அப்படியிருக்க, நீங்கள் ஒரு கூறு வெண்டைக்காயை எதிர்வீட்டுக்குக் கொடுப்பதை யாரும் வணிகம் என்று சொல்லப் போவதில்லை. ஜிஎஸ்டி சட்டத்தில் பண்டமாற்று என்ற சொல் இருப்பது உண்மைதான், அதைக் காட்டித்தான் உங்களை மிரட்டியிருப்பார். ஆனால் பறித்த பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது. வரியில்லாத பொருளை மட்டும் கொடுத்து வாங்குகிறவருக்குப் பதிவு எதற்கு?

ஊறுகாய், வடகம், தேன் என்று பாட்டிலில் அடைத்துக் காசுக்கு விற்கத் தொடங்கினால் அந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கும் இடையில் ஆள் தேவையில்லை. சிறு வியாபாரிக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றுதான் வெகுகாலமாக இருந்து வருகிறது. அந்த 100 ரூபாய் உங்களிடம் வரும்போது 3,500 ஆகிறது. இன்னொரு கூட்டம் ‘இயற்கை விளைபொருள் சான்றிதழ்’ வாங்கித் தருகிறேன் என்று வரும். அதையும் நம்பாதீர்கள். சிறு உற்பத்தியாளர் தான் விளைவித்ததைச் சாப்பிடுகிறவர் கையில் நேராகக் கொடுத்தால் அந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை, முத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஆதார் நகலைக் கொடுத்துவிட்டீர்கள், சரி. ஆனால் போனுக்கு ஓடிபி வந்தால் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். விண்ணப்ப எண் எங்கே என்று அவரைக் கேளுங்கள். எண்ணைக் காட்ட முடியாவிட்டால் அவர் எதையும் பதியவில்லை என்று அர்த்தம். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வீட்டில் இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இந்த ஆட்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? துறை மானிய விலையில் பையும் விதையும் தருகிறது, நல்ல விஷயம், நானே ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கிறேன். ஆனால் விளைந்து மிஞ்சியதை என்ன செய்வது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள் என்று எத்தனை கூட்டத்தில் கேட்டிருப்பேன்! 1999இல் தொடங்கிய உழவர் சந்தையில் இடம் வேண்டுமென்றால் விவசாயி அடையாள அட்டை வேண்டும், அதற்கு நிலம் வேண்டும். மாடியில் பை வைத்திருப்பவர் எங்கே போவார்? ஓய்வு பெற்ற பிறகு ஓர் அலுவலகத்தில் இதையே போய்க் கேட்டேன். மூன்று மேசைக்கு அனுப்பினார்கள், மூன்றாவது மேசையில் திரும்ப முதல் மேசைக்குப் போகச் சொன்னார்கள். சொல்ல வேண்டியவர்கள் வாயைத் திறக்காததால்தான் உங்கள் வீட்டு வாசலில் அந்த ஆள் வந்து நின்றார்.

போகட்டும். நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில், சுரைக்கொடி “குப்பை உரத்திலிருந்து தானாக முளைத்தது, நல்லா காய்க்குது” என்று ஒரு வரி இருக்கிறது. தானாக முளைத்த சுரை என்றால் எனக்குப் பயம்.

பல வருடம் முன்பு எங்கள் உறவினர் வீட்டில் குப்பைமேட்டில் முளைத்த கொடி, பார்க்க அவ்வளவு அழகான காய், நகம் வைத்தால் இறங்குகிற பிஞ்சு. கூட்டு வைத்தார்கள். இறக்கும்போதே கசப்பு தெரிந்திருக்கிறது, காயை வீணாக்க மனசில்லாமல் கொஞ்சம் வெல்லமும் கூடுதலாகத் தேங்காயும் போட்டுச் சமாளித்தார்கள். சாப்பிட்ட மூன்று பேருக்கும் அன்று மத்தியானமே வாந்தியும் வயிற்றுப்போக்கும், பெரியவருக்கு வாந்தியில் ரத்தமும் வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

கசப்புச் சுரைக்காயில் இருப்பது நஞ்சு. குக்கர்பிட்டாசின் என்று பெயர். வேகவைத்தாலும் போகாது, உப்பில் ஊறவைத்தாலும் போகாது, அதற்கென்று மாற்று மருந்தும் கிடையாது. சுரைக்காய்ச் சாறு குடித்துச் சிலர் இறந்துபோன பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே குழு வைத்து ஆராய்ந்து, கசந்தால் சாப்பிடாதீர்கள் என்று சொன்னது. பக்கத்தில் பாகற்கொடி இருந்தால் சுரை கசக்கும் என்பார்களே, அது தவறு. பாகலும் சுரையும் கலக்காது. சுரையோடு கலப்பது பேய்ச்சுரை என்கிற கசப்புச் சுரைதான், இரண்டும் ஒரே இனம். சுரைப் பூ சாயங்காலம் மலரும், பூச்சி எங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டு வருகிறது என்று நமக்குத் தெரியாது. கலந்த வருடம் காயில் ஒன்றும் தெரியாது, இனிப்பாகவே இருக்கும். அந்தக் காயின் விதையைப் போட்டு வரும் அடுத்த கொடியில்தான் கசப்பு வரும். நல்ல காயிலிருந்து எடுத்த விதைதானே என்று நம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடும் வெயிலும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தாலும் கசப்பு ஏறும், அதனால் போன வாரம் நன்றாக இருந்தது என்று இந்த வாரக் காயை நம்ப முடியாது. பீர்க்கு, வெள்ளரிக்கும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கம் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு சீவி நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பி வாயைக் கொப்பளித்துவிட்டு, காயை மாட்டுக்கும் போடாமல் எறிந்துவிடுங்கள். கொடியையே பிடுங்கினாலும் எனக்குச் சம்மதம். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் காய் என்றால் அங்கேயும் வெட்டியதும் சுவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டிய காயை எப்படிக் கொடுப்பது என்று கூச்சப்பட வேண்டாம், சீவிய இடத்தைக் காட்டி “பார்த்துட்டேன்க்கா” என்று சொல்லிக் கொடுங்கள்.

மருந்து அடித்த செடியாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் பரவாயில்லை, நன்றாகக் கழுவினால் போதும். கத்தரியில் காய்ப்புழு வந்தால் சில கடைகளில் லேபிள் இல்லாத சின்ன பாட்டிலில் ஊற்றித் தருகிறார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். மருந்து டப்பாவில் முக்கோணத்தின் நிறம் பாருங்கள், சிவப்பும் மஞ்சளும் வீட்டு மாடிக்கு ஆகாது. அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில்தான் இருக்கும், லேபிளே இல்லாத மருந்தில் அதை எங்கே தேடுவீர்கள்?

இனி விதை. 2001ஆம் ஆண்டு தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் பகிரவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை கொடுத்திருக்கிறது. பதிவு பெற்ற ரகத்தைப் பிராண்டு பெயர் போட்டு விற்பதுதான் கூடாது. கத்தரி, வெண்டை, கீரை விதையைத் தாராளமாகக் கொடுங்கள். சுரை விதையை மட்டும் இந்தக் கொடியிலிருந்து கொடுக்காதீர்கள். நல்ல இடத்தில் வாங்கிய நாட்டு விதையைப் போட்டு, பெண்பூ மலர்வதற்கு முந்தியே ஒரு துணிப்பையைக் கட்டிவிட்டு, சாயங்காலம் அதே கொடியின் ஆண்பூவைத் தடவி மறுபடி கட்டிவிடுங்கள். அந்தக் காய் முற்றிக் காய்ந்ததும் விதை எடுத்துக் கீழ்வீட்டுக்குக் கொடுங்கள். பொட்டலத்தின் மேல் எந்த மாதம் எடுத்தது என்று எழுதி, அதன் கீழேயே “முதல் காயை நாக்கில் வைத்துப் பார்க்கவும்” என்றும் எழுதிவிடுங்கள்.