80 குத்துகளா, 4 வயல்களா?

அன்புடையீர், திருவையாறு, பாபநாசம் பக்கம் 4 சம்பா வயல்களில், இரண்டில் வேப்பெண்ணெய் தெளித்தும் இரண்டில் தெளிக்காமலும், வயலுக்கு 20 குத்து (ஒன்றாக நட்ட நாற்றுக்கொத்து) வீதம் இலைச்சுருட்டுப் புழுக்களை எண்ணி, அந்த 80 எண்களுக்கும் இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை செய்ததை உங்கள் நெறியாளர் ஏற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது சரி.

தெளிப்பு நடந்தது வயலுக்கு, குத்துக்கு அன்று. ஒரே வயலின் குத்துகள் ஒரே வாய்க்கால் நீரையும் நடவு நாளையும் உரத்தையும் பகிர்ந்துகொள்வதால் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆகவே உங்களிடம் இருப்பவை 80 தனித்தனிச் சான்றுகள் அல்ல, தெளித்தவை இரண்டு, தெளிக்காதவை இரண்டு என 4 வயல்கள் மட்டுமே. 1984-இல் ஹர்ல்பர்ட் என்ற ஆய்வாளர் சூழலியல் ஆய்வுகளில் சுட்டிக்காட்டிய ‘போலி மறுசெய்கை’ இதுதான். நன்றாகப் படிக்கும் மாணவர்களும் இதில் விழுவதைக் கண்டிருக்கிறேன், மனம் தளர வேண்டாம்.

நேரம் இருந்தால், குத்துகளைப் பாதியாகக் குறைத்தாவது வயல்களைக் கூட்டுங்கள். ஒவ்வோர் ஊரிலும் தெளித்த வயல் ஒன்றும் தெளிக்காதது ஒன்றும் இணையாக அமையட்டும். புழு எண்ணிக்கையில் பூச்சியங்கள் மிகுந்து, மாறுபாட்டளவு சராசரியை விஞ்சியிருந்தால், அவ்விரண்டும் சமம் என்று கொள்ளும் பாய்சான் பரவலைவிட, கூடுதல் மாறுபாட்டுக்கு இடம் தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் பொருந்தும். இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில், வயலுக்கு வயல் உள்ள வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும்படி வயலைச் சமவாய்ப்பு விளைவாகச் சேர்த்து, இந்தப் பரவலில் அமைந்த புள்ளியியல் மாதிரியைப் பொருத்தலாம். ஆனால் 4 வயல்களை வைத்துக்கொண்டு அந்த மாதிரியை நம்பாதீர்கள்.