நாடகம் பார்த்துக் கதைக்கப் பழகினேன், இது வருத்தமா டொக்டர்?

கேள்வி: எனக்கு 23 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்து 5 மாதம். ஆட்களோடு எப்படிக் கதைப்பதென்று சின்ன வயதில் இருந்தே எனக்கு வராது. எந்த இடத்தில் சிரிப்பது, என்ன பதில் சொல்வது எல்லாம் ரீவி நாடகங்களைப் பார்த்துத்தான் பழகினேன். பெடியங்கள் 'இந்தியாத் தமிழ்' என்று பகிடி பண்ணுவார்கள். போன மாதம் கூட வேலை செய்பவரின் தகப்பன் செத்தவீட்டில், நாடகத்தில் வந்த வசனத்தைச் சொல்லி அவரைக் கட்டிப்பிடித்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இணையத்தில் 50 கேள்விச் சோதனை செய்து பார்த்ததில் 33 புள்ளி, ஓட்டிசம் (ஆட்களோடு பழகும் விதம் சின்ன வயதில் இருந்தே வேறாக இருக்கும் நிலை) என்கிறது. ஆட்கள் கூடும் இடங்களுக்குப் போகமுன் மாமியின் படபடப்புக் குளிசை ஒன்று போடுகிறேன் (புரொப்ரனலோல், 40 மில்லிகிராம்). சின்னனில் தொய்வு (ஆஸ்துமா) இருந்தது, இப்போது மாரியில் மட்டும்தான் இழுக்கும். பகலில் கதைத்ததையே யோசித்து யோசித்து நித்திரை வர 3 மணி ஆகிறது. எந்த நேரமும் நடிக்க வேண்டும் என்றால் இல்லாமலே போய்விடலாம் போல இருக்கிறது. நான் போலியா?

பதில்: போலி இல்லை, தம்பி. அதை நம்புங்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு முன் எழுதியிருக்கிறீர்களே ஒரு வரி, 'இல்லாமலே போய்விடலாம் போல' என்று, அதில் இருந்துதான் தொடங்க வேண்டும். கிளினிக்கிலும் ஆட்கள் எழும்பிப் போகிற நேரத்தில்தான் இப்படியானதைச் சொல்லுவார்கள். உங்கள் கடிதத்தில் நான் அவசரம் என்று எடுப்பது இந்த ஒன்றைத்தான்.

இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். அம்மாவோ, அக்காவோ, யார் உங்களுக்கு லேசோ அவர். இரவில் யாரும் இல்லை என்றால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, 24 மணி நேரமும் எடுக்கலாம். இந்த வாரத்துக்குள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலோ மனநலப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். அந்த நினைப்பு 'எப்படி, எப்போது' என்று திரும்பினால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். நேரம் எதுவென்றாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், தனியே போகாதீர்கள். இதை வாசிக்கிற பெற்றோருக்கும் ஒன்று: 'சாக வேணும் போல இருக்கோ' என்று பிள்ளையிடம் நேராகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து.

காலையில் இருந்து பின்னேரம் வரை ஒவ்வொரு சொல்லையும் கணக்குப் பார்த்துச் சொல்லி, ஒவ்வொரு சிரிப்பையும் நேரம் பார்த்துச் சிரித்து வருகிறவருக்கு வருகிற களைப்பு, மூட்டை சுமந்தவரின் களைப்புக்குக் குறைந்தது இல்லை. அதோடு நித்திரையும் போனால் மனம் இருண்டுதான் போகும். இதற்கு வைத்தியம் இருக்கிறது.

அடுத்தது மாமியின் குளிசை. இதில் எனக்குக் கோபம் வருகிறது. தொய்வுக்காரர் தொடவே கூடாத குளிசை அது. பதற்றத்தில் ஊறும் அட்ரினலின் இதயத்தைப் படபடவென்று அடிக்கவைப்பதை அது தடுக்கிறது, சரி. ஆனால் சுவாசக் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் அதே அட்ரினலின் வழிதான், அந்த வழியையும் சேர்த்து அடைத்துவிடும். இழுப்பு வந்தபின் பம்மை (இன்ஹேலரை) அடித்தாலும் பம்மின் மருந்து சரியாக வேலை செய்யாது. மாரியில் மட்டும் இழுக்கிறது என்றால் தொய்வு போகவில்லை என்றுதான் அர்த்தம். நீங்கள் இடைக்கிடைதான் போடுகிறீர்கள், ஆகவே இன்றோடு நிறுத்தலாம். (இதய வருத்தத்துக்கு நாளாந்தம் போடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.) மாமிக்கு எழுதின குளிசை மாமியின் உடம்பைப் பார்த்து எழுதினது.

33 புள்ளியைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். அந்த 50 கேள்விகள் 2001ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டவை. யாரைக் கூப்பிட்டு ஆறுதலாகப் பார்க்க வேண்டும் என்று அரித்தெடுக்கத்தான் அவை, நோயைத் தீர்மானிக்க இல்லை. ஆட்களுக்குப் பயந்த சுபாவம் உள்ளவருக்கும் புள்ளி ஏறும். உங்களுக்கு இருப்பது ஓட்டிசமா, சமூகப் பதற்றமா, இரண்டுமா என்பதை உங்கள் 3, 4 வயதுக் கதையைக் கேட்காமல் எந்த வைத்தியரும் சொல்ல முடியாது. நானும் கடிதத்தை வைத்துச் சொல்லமாட்டேன்.

நாடகம் பார்த்துப் பழகியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாலர் பிள்ளைகள் படத்தில் பார்த்த நடத்தையை அப்படியே செய்வதை உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1960களிலேயே காட்டினார். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு, ஒருவர் வணக்கம் சொல்வதையோ விளையாடக் கூப்பிடுவதையோ சிறிய வீடியோவாக எடுத்துக் காட்டிப் பழக்குவது இன்றைக்கு நிலைபெற்ற பயிற்சி முறை. யாரும் சொல்லித்தராமல் நீங்களே அதைக் கண்டுபிடித்துச் செய்திருக்கிறீர்கள். இந்தியாத் தமிழைப் பற்றிக் கவலையை விடுங்கள், எங்கள் வீட்டுச் சின்னனுகள் எல்லாம் அப்படித்தான் கதைக்குதுகள்.

ஆனால் அந்தப் பயிற்சியில் வீடியோ பாதிதான். பார்த்ததை உடனே ஒரு ஆளோடு செய்து பார்ப்பது மறுபாதி, அதுதான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. நாடகத்தில் ஒருவர் முழு வசனத்தையும் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். வெளியில் அப்படி இல்லை. ஒருவர் நிறுத்தி மற்றவர் தொடங்க மனிதர் எடுக்கும் இடைவெளி சராசரியாக ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்குதான். அதற்குள் மனதில் வசனம் தேடினால் பிந்தத்தான் செய்யும். 'என்ன, சாப்பிட்டாச்சோ?' என்று படலையடியில் கேட்பவருக்கு 'ஓமோம்' போதும், வசனம் தேவையில்லை.

செத்தவீட்டில் நடந்ததும் இதுதான். நாடகத்துச் செத்தவீட்டில் எல்லாரும் வசனம் பேசுவார்கள். எங்கள் செத்தவீட்டில் பேச்சே குறைவு. போய், அவரின் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, 'போட்டு வாறன்' என்றுகூடச் சொல்லாமல் எழும்பி வருவோம். பெரியப்பாவோடோ மாமாவோடோ நாலு இடத்துக்குப் போய் அவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் வந்துவிடும். நீங்கள் கட்டிப்பிடித்ததை அந்த மனிதர் இரக்கமாகத்தான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். முறை தெரியாமல் செய்தீர்கள், மனம் இல்லாமல் செய்யவில்லை.

கிளினிக்குக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் எப்போது கதைக்கத் தொடங்கினீர்கள், மற்றப் பிள்ளைகளோடு எப்படி விளையாடினீர்கள் என்று கேட்பார்கள், அது அவவுக்குத்தான் தெரியும். மாமியின் குளிசை மட்டையையும் கையில் கொண்டு போய்க் காட்டுங்கள். அந்த ஒரு வரி வாயில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையே நீட்டுங்கள்.