பிப்லோஸ்: பதில் வராத கடிதங்களின் ஊர்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். துபாயில் வேலை பார்க்கும் என் மகன் 2019 ஏப்ரலில் என்னையும் அவன் அப்பாவையும் ஐந்து நாள் லெபனானுக்கு அழைத்துப் போனான். அதில் ஒரு நாள் பெய்ரூட்டிலிருந்து காரில் பிப்லோஸ் போனோம். உலகத்திலேயே பழைய ஊர் இதுதான், எழுத்து பிறந்தது இங்கேதான், பைபிள் என்ற சொல்லே இந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் வந்தது என்று வழி முழுக்க வழிகாட்டி சொல்லிக்கொண்டே வந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தக் கடைசிச் செய்தி மெய்சிலிர்த்தது.

உள்ளே போனால் ஒரு கோட்டை, முழங்கால் உயரச் சுவர்கள், சில தூண்கள், ஆழமான குழிகள். எது எந்தக் காலத்தது என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்து, கடைவீதியில் மீன் பதிந்த கல் ஒன்றை வாங்கிக்கொண்டு துறைமுகத்தில் போய் உட்கார்ந்துவிட்டோம். அதுவும் கையகலத் துறைமுகம். இவ்வளவு பெயர் பெற்ற இடத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லையே என்ற குறை இன்னும் மனதில் இருக்கிறது. அண்மையில் உங்கள் கட்டுரை ஒன்றில் பிப்லோஸ் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் எதைப் பார்க்காமல் வந்துவிட்டோம்? வழிகாட்டி சொன்னதெல்லாம் உண்மைதானா?

அன்புடன்,
ரா., தூத்துக்குடி

*

அன்புள்ள அம்மா,

உங்களுக்குப் பிடிபடாமல் போனதற்கு முதல் காரணம் அந்த இடத்தைத் தோண்டிய விதம். மோரீஸ் துனான் என்ற பிரெஞ்சு அகழ்வாய்வாளர் 1920களின் நடுவில் தொடங்கி, 1975இல் உள்நாட்டுப் போர் மூளும் வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த மேட்டைத் தோண்டினார். மேட்டின் மேலிருந்த வீடுகளை வாங்கி அப்புறப்படுத்தினார்கள். கடலைப் பார்த்தபடி ஒரே ஒரு பழைய வீடு மட்டும் தனியாக நிற்கிறதே, அது அப்படி மிஞ்சியது. மண் அடுக்குகள் இயற்கையாக எப்படிப் படிந்திருந்தனவோ அப்படிப் பிரிக்காமல், மேடு முழுவதையும் 20 சென்டிமீட்டர் 20 சென்டிமீட்டராகச் சீவிக்கொண்டே இறங்கினார் துனான். பல காலத்துச் சுவர்கள் இன்று ஒன்றோடொன்று கலந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் வந்த ஆய்வாளர்களே இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் உங்களுக்கு விளங்கவில்லை என்றால் அது குறையே இல்லை.

வழிகாட்டி சொன்னவற்றுக்கு வருகிறேன். உலகிலேயே பழைய ஊர் என்ற பட்டத்துக்கு எரிகோ, டமாஸ்கஸ், அலெப்போ என்று போட்டி நிறைய. எனக்கு அந்தப் போட்டியில் ஆர்வம் இல்லை. கி.மு. 5000 வாக்கிலேயே அங்கே மீனவர் குடியிருப்பு இருந்தது, அதன் பிறகு ஊர் முற்றிலும் கைவிடப்படவில்லை என்பதே போதுமான வியப்பு. காரணம் எளியது. மேட்டின் நடுவே ஒரு நல்ல தண்ணீர் ஊற்று. 'அரசனின் ஊற்று' என்று அரபியில் பெயர். வட்டமாகப் படிகள் இறங்கும் பெரிய பள்ளம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். கடலுக்குள் நீண்ட பாறை, இருபுறமும் படகு ஒதுங்க இடம், குடிக்க நன்னீர், முதுகுக்குப் பின்னால் கேதுரு மரம் நிறைந்த மலை. கணவன் ஒசிரிசின் பேழையைத் தேடி பிப்லோசுக்கு வந்த எகிப்தியத் தேவி ஐசிஸ் ஓர் ஊற்றங்கரையில் அழுதபடி உட்கார்ந்திருந்தாள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். உள்ளூரில் காட்டுவது இந்த ஊற்றைத்தான்.

பைபிள் விஷயம் பெரும்பாலும் சரி. எகிப்தில் நாணலிலிருந்து செய்த எழுதுதாளான பாபிரஸ் கிரேக்கர்களுக்கு இந்தத் துறைமுகம் வழியாகப் போனது. கிரேக்கத்தில் பாபிரசுக்கும் பிப்லோஸ் என்றே பெயர். அதிலிருந்து பிப்லியோன் என்றால் நூல், பிப்லியா என்றால் நூல்கள். ஊரின் பெயர் நாணலுக்குப் போனதா, நாணலின் பெயர் ஊருக்கு ஒட்டியதா என்பதில் மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாம் 'விவிலியம்' என்கிறோமே, அது அந்தப் பிப்லியாவின் தமிழ் வடிவம். உங்கள் வீட்டு அலமாரியில் அந்த ஊரின் பெயர் இருக்கிறது. ஆனால் விவிலியத்துக்குள் தேடினால் பிப்லோஸ் கிடைக்காது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை கெபால் என்றே அழைத்தார்கள், எபிரேய விவிலியத்திலும் அந்தப் பெயர்தான். இன்றைய அரபுப் பெயரான ஜுபைலும் அதிலிருந்து வந்ததே. எசேக்கியேல் 27ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தீரு நகரத்துக் கப்பல்களின் இடுக்குகளை அடைக்கும் வேலையைச் செய்பவர்களாக கெபாலின் மூத்தவர்கள் அங்கே வருகிறார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் அதற்குக் 'கலாபத்து வேலை' என்ற சொல். தோணி கட்டும் ஊர்க்காரரான உங்களுக்கு அந்த வேலையை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரின் வாழ்வு மரத்தில் இருந்தது. எகிப்தில் நல்ல நெடுமரம் கிடையாது. கி.மு. 2600 வாக்கில் ஸ்னெஃப்ரு என்ற பாரோவின், அதாவது எகிப்திய அரசனின், காலத்தில் 40 கப்பல்கள் நிறைய கேதுரு மரம் வந்து இறங்கியதாக எகிப்தியக் கல்வெட்டு சொல்கிறது. அவர் மகன் கூஃபுவின் பிரமிடுக்கு அருகே 1954இல் கண்டெடுத்த 43 மீட்டர் நீளப் படகும் லெபனான் கேதுருவால் ஆனது. கடலோடும் பெரிய கப்பலுக்கே எகிப்தியர் 'பிப்லோஸ் கப்பல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நீங்கள் கையகலம் என்று எழுதிய துறைமுகம் இந்தப் பெயருக்குரியது.

இனி, நான் பிப்லோஸ் போனபோது என்னை நிற்க வைத்த மனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழிகாட்டி அவன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார். ரிப்-ஹத்தா. கி.மு. 14ஆம் நூற்றாண்டில், எகிப்துக்கு அடங்கியிருந்த பிப்லோசின் அரசன். எகிப்தின் அமர்னாவில் 1887இல் களிமண் பலகைகளாகக் கிடைத்த அரசாங்கக் கடிதங்களில் ஏறத்தாழ 60 இவன் ஒருவன் எழுதியவை. வேறு எந்தச் சிற்றரசனும் பாரோவுக்கு இவ்வளவு எழுதவில்லை. 'என் ஆண்டவரின், என் சூரியனின் பாதத்தில் ஏழு முறையும் ஏழு முறையும் விழுகிறேன்' என்று தொடங்கி, கடிதத்துக்குக் கடிதம் ஒரே வேண்டுகோள்: படை அனுப்புங்கள், தானியம் அனுப்புங்கள். வடக்கே அமுரு நாட்டின் அப்தி-அஷிர்த்தா அவனுடைய ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறான். பஞ்சம். தானியத்துக்கு ஈடாக மக்கள் பிள்ளைகளைக் கொடுத்தார்கள், வீட்டு மரச் சாமான்களைக் கொடுத்தார்கள், இனிக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. உழுவதற்கு ஆளில்லாத என் வயல் கணவன் இல்லாத பெண்ணைப் போலக் கிடக்கிறது என்கிறான். கண்ணியில் அகப்பட்ட பறவை போல இந்த ஊருக்குள் இருக்கிறேன் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறான்.

படை வரவில்லை. ரிப்-ஹத்தா மட்டும் ஏன் இப்படி அரண்மனைக்குப் பலகை அனுப்பிக்கொண்டே இருக்கிறான் என்று மேலிடத்தில் கேட்ட செய்தி ஒரு கடிதத்தில் வருகிறது. அதற்கும் அவன் பொறுமையாக விளக்கம் எழுதுகிறான். கடைசியில், உதவி தேடி பெய்ரூட் போன நேரம், சொந்தத் தம்பியே ஊர்க்கதவை அடைத்துவிடுகிறான். எனக்கு வயதாகிவிட்டது, உடம்பில் கடுமையான நோய் என்று அவன் எழுதிய கடிதம் அப்போதையது. பிறகு பகைவன் கைக்குப் போய், சீதோன் ஊர்த் தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டான் என்பதோடு அவன் சுவடு முடிகிறது.

நான் இந்தக் கடிதங்களின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுத்தான் பிப்லோஸ் போனேன். அதனால் அந்த முழங்கால் சுவர்கள் எனக்கு வெறும் கல்லாகத் தெரியவில்லை. நகரத்தின் பழைய மதில் ஓரம் நின்றபோது, இங்கே நின்றுதானே கப்பல் வருகிறதா என்று தெற்கே பார்த்திருப்பான் என்று தோன்றியது. வெகு நேரம் என்னால் நகர முடியவில்லை.

அவனுக்குச் சுமார் 300 ஆண்டு கழித்து நிலைமை தலைகீழ். எகிப்தின் கர்னாக் கோயிலில் இருந்து வெனாமுன் என்பவர் ஆமூன் தெய்வத்தின் படகுக்கு மரம் வாங்க வருகிறார். கையில் பணம் இல்லை, வழியில் திருட்டுப் போய்விட்டது. பிப்லோசின் அரசன் சக்கர்-பாஅல் 29 நாள், 'என் துறைமுகத்தை விட்டுப் போ' என்று தினமும் ஆள் அனுப்புகிறான். ஒருவழியாக அழைக்கும்போது அரசன் மாடி அறையில் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறான், அவன் தலைக்குப் பின்னால் கடல் அலைகள் மோதுகின்றன. இந்தக் காட்சி எகிப்திய ஏட்டிலேயே இருக்கிறது. அரசன் தன் முன்னோர்களின் கணக்கேடுகளைக் கொண்டுவரச் சொல்லி, முன்பெல்லாம் உங்கள் பாரோக்கள் எவ்வளவு வெள்ளி கொடுத்தார்கள் என்று படித்துக் காட்டச் செய்கிறான். பிறகு எகிப்திலிருந்து பொன், வெள்ளி, துணி, 500 மாட்டுத்தோல், 500 கயிறு, 20 மூட்டை பயறு, 30 கூடை மீன் எல்லாம் வருகின்றன. 500 பாபிரஸ் சுருள்களும் உண்டு என்று பல மொழிபெயர்ப்புகள் சொல்கின்றன. அதன் பிறகே 300 ஆட்களும் 300 எருதுகளும் மலை ஏறுகிறார்கள். நடந்தது நடந்தபடியா, கதையாகப் புனைந்ததா என்பது விவாதத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கேடுகளை எந்தப் புனைவாளனும் ஊரைத் தெரியாமல் எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

எழுத்து பிறந்த ஊர் என்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும். அகரவரிசை எழுத்தின் முன்வடிவங்கள் சினாய் பாலைவனத்தில் இதைவிடப் பல நூற்றாண்டு முன்பே கிடைக்கின்றன. பிப்லோசுக்கு உரிய பெருமை வேறு. இந்தக் கடற்கரை மக்களான பினீசியரின் 22 எழுத்து வரிசையில், ஓரளவு நீளமாக எழுதிய மிகப் பழைய வாசகம் அங்கே கிடைத்தது. 1922இல் மழைக்குப் பின் கடலோரச் சரிவு இடிந்து ஓர் அரச கல்லறை வெளியே தெரிந்தது. நீங்கள் பார்த்த ஆழக் குழிகள் இப்படிப்பட்ட அரச கல்லறைகள்தாம். அடுத்த ஆண்டு பிரெஞ்சு அகழ்வாய்வாளர் பியர் மோந்தே ஐந்தாம் கல்லறையில் அகிராம் அரசனின் கல்பேழையைக் கண்டார். நான்கு சிங்கங்கள் தாங்கும் பேழை, வாடிய தாமரையை ஏந்திய அரசன், தலைமுடியைப் பற்றிக்கொண்டு புலம்பும் பெண்கள். மூடியின் விளிம்பில், மகன் இத்தோபாஅல் தன் தந்தைக்குச் செய்வித்தது என்ற செய்தியும், இதைத் திறப்பவனின் செங்கோல் முறியட்டும், அரியணை கவிழட்டும் என்ற சாபமும். காலம் கி.மு. 1000 வாக்கு என்பது பெரும்பான்மைக் கருத்து. கல்லறையை அந்தக் காலத்திலேயே கொள்ளையடித்துவிட்டார்கள், எழுத்து மட்டும் தப்பியது.

நீங்கள் ஆசிரியை என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த 22உம் மெய்கள் மட்டுமே. உயிரைப் படிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிரேக்கர் அதை எடுத்து உயிருக்கும் குறிகள் தந்தார்கள். கிழக்கே அது அரமேய எழுத்தானது. தமிழ் எழுத்துக்கும் மூலமான பிராமி அரமேயத்திலிருந்து வந்தது என்பதே எழுத்தியல் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து, இந்த மண்ணிலேயே தோன்றியது என்போரும் இருக்கிறார்கள். முதல் கருத்து சரியென்றால், நீங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த அகரத்துக்கும் அகிராமின் மூடிக்கும் தூரத்து உறவு.

அந்தப் பேழை இப்போது பிப்லோசில் இல்லை, பெய்ரூட் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் தவறவிட்டதில் பெரியது அதுதான். உள்நாட்டுப் போரில் இரு தரப்பையும் பிரித்த கோட்டிலேயே அந்தக் கட்டடம் அமைந்துவிட்டது. அப்போதைய தலைவர் மோரீஸ் சிகாப் நகர்த்த முடியாத பேழைகளைச் சுற்றி கான்கிரீட் கட்டி மூடினார். கட்டடம் குண்டு துளைத்து நாசமானது, உள்ளே அகிராம் பத்திரமாக இருந்தான். சிகாபின் பெயரை நான் நன்றியோடு நினைக்காத நாளில்லை.

இன்னொரு முறை வாய்த்தால் அருங்காட்சியகத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள். பிப்லோசில், நெடுங்கல் தூண்கள் நிற்கும் தூபிக் கோயிலில் பூமிக்கடியில் புதைத்து வைத்திருந்த, தங்கத் தகடு போர்த்திய சின்னஞ்சிறு வெண்கல மனிதர்களும் அங்கேதான். பிறகு பிப்லோசில் கோட்டை மாடிக்கு ஏறி மேட்டின் அமைப்பைப் பார்த்துக்கொண்டு கீழே இறங்குங்கள். கோட்டை 12ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்க்காரர்கள் கட்டியது. ரோமானியத் தூண்களைப் படுக்க வைத்துச் சுவருக்குள் செருகியிருப்பார்கள், வட்ட வட்டமாக முனைகள் தெரியும். வெளியே 1115இல் கட்டத் தொடங்கிய தூய யோவான் மாற்கு ஆலயமும் அதை ஒட்டித் திறந்தவெளியில் நிற்கும் திருமுழுக்கு மண்டபமும் உங்களுக்குப் பிடிக்கும். ஆர்மீனிய இனப்படுகொலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்த்த 'பறவைக் கூடு' இல்லமும் அந்த ஊரில்தான். அங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு, தவறவிடாதீர்கள்.

நீங்கள் வாங்கிய மீன் கல் பக்கத்து மலையிலுள்ள ஹாக்கெல் அல்லது ஹிஜுலாவிலிருந்து வந்திருக்கும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டு முந்தைய மீன். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், மென்மையான தூரிகை போதும்.

ஒரு கேள்வி. பெய்ரூட்டிலிருந்து போகும்போது பிப்லோசுக்குச் சற்று முன்னால் இப்ராகிம் ஆற்றைத் தாண்டியிருப்பீர்கள். பழைய பெயர் அதோனிஸ் ஆறு. புராணக் கதையில் காட்டுப் பன்றி குத்தி இறந்த அழகிய இளைஞன் அதோனிசின் இரத்தத்தால் ஆறு ஆண்டுதோறும் சிவக்கிறது என்று பிப்லோஸ் பெண்கள் மாரடித்து அழுவார்களாம். 2ஆம் நூற்றாண்டில் இதைப் பதிவு செய்த எழுத்தாளர் லூசியன், அந்த ஊர்க்காரர் ஒருவர் தம்மிடம் தனியே சொன்ன காரணத்தையும் எழுதியிருக்கிறார்: லெபனான் மலையின் மண் சிவப்பு, அந்த நாட்களில் வீசும் பலத்த காற்று அதை ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இன்றும் பனி உருகும் பருவத்தில் மழையும் சேர்ந்தால் ஆறு செம்மண்ணாகக் கலங்கி ஓடும். நீங்கள் போனது ஏப்ரல். நான் போனது ஆகஸ்டு, அப்போது தண்ணீர் தெளிந்து கிடந்தது. அன்று காரிலிருந்து எடுத்த படம் ஏதாவது மகனிடம் இருந்தால், ஆற்றின் நிறம் என்ன என்று பார்த்து எழுதுங்கள்.